ஐலாவின் பனி

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், சென்ற ஆண்டு ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசினேன். அந்த்வான்-ழான் குரோ வரைந்த ‘ஐலாவ் போர்க்களத்தில் நெப்போலியன்’. முக்கால் மணி நேரப் பேச்சு. படத்தைச் சுவரில் பெரிதாக விழச் செய்து, முன்வரிசையில் பனி மூடிக் கிடக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினேன். பேரரசனிடம் பணம் வாங்கிக்கொண்டே பேரரசனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஓவியர் இவர் என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கருவூலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பில்களைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார், அதிகம் பேசமாட்டார். “தம்பி, அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கிய படம் என்கிறீர்கள். அப்படியென்றால் வேலை உத்தரவு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருந்தது? பிணத்தை வரையாதே என்று எழுதியிருந்ததா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. பல ஆண்டுகளாக நான் நேசித்துவந்த ஓவியம் அது. அதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்த கதை, அந்த ஓவியத்தைப் பார்த்து நானே கட்டிக்கொண்டது. ஓவியருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே, அவர் சொல்லப்பட்டதை மீறினார் என்று ஊரார் முன்னிலையில் உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

அந்தக் கதை எப்படி எனக்குள் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், மோனாலிசாவைப் பார்க்கப் போகும் கூட்டம் பாதி கவனத்தோடு கடந்துபோகும் சிவப்புச் சுவர்க் கூடங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பிரெஞ்சு ஓவியங்கள் அங்கேதான் தொங்குகின்றன. ழெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’, டெலாக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’, அவற்றோடு குரோவின் இந்த ஓவியம். உயரம் 5.21 மீட்டர், அகலம் 7.84 மீட்டர். அச்சில் பார்க்கும்போது நடுவில் குதிரைமேல் இருக்கும் நெப்போலியன்தான் முதலில் தெரிவார். நேரில் அப்படி இல்லை. அவர் மேலே, சற்றுத் தொலைவில் இருக்கிறார். நம் கண்ணுக்கு நேரே வருவது ஓவியத்தின் கீழ்ப்பகுதி. அங்கே பிணங்கள் குவிந்து கிடக்கின்றன, நம்மைவிடப் பெரிய உடல்களாக. நீலம் பாரித்த முகங்கள், தலைமுடியிலும் தோளிலும் படிந்த பனி, உறைந்துபோன விரல்கள். எட்ட நின்றாலும் அவை நம்மை நோக்கிச் சரிந்து வருவதுபோல் இருக்கின்றன. பிணங்களைத் தாண்டாமல் அரசனிடம் போக முடியாதபடி வரைந்துவைத்திருக்கிறாரே என்று அன்று நினைத்தேன். கலகம் என்ற சொல் அங்கேயே மனதில் ஒட்டிக்கொண்டது.

களம்

ஐலாவ் அன்றைய கிழக்குப் பிரஷ்யாவில் ஒரு சிற்றூர். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியில், பக்ரதியோனவ்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. 1807 பிப்ரவரி 7, 8 தேதிகளில், பனிப்புயலுக்கு நடுவே, நெப்போலியனின் படையும் பென்னிக்சன் தலைமையிலான ரஷ்யப் படையும் அங்கே மோதின. போரின் எல்லாத் திருப்பங்களையும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் நாள் காலையில் மார்ஷல் ஒழரோவின் படைப்பிரிவு முன்னேற ஆணை பெற்றது. பனி முகத்தில் அறைந்ததில் அந்த வீரர்களுக்கு வழி தெரியவில்லை. திசை மாறி, ரஷ்யர்களின் பெரும் பீரங்கி வரிசைக்கு நேர் எதிரே போய் நின்றார்கள். சிறிது நேரத்தில் அந்தப் பிரிவே சிதைந்துபோனது. பின்னர் அதைக் கலைத்து, எஞ்சியவர்களை வேறு பிரிவுகளில் சேர்த்துவிட்டார்கள். நடுவில் விழுந்த அந்த ஓட்டையை அடைக்க, குதிரைப்படைத் தலைவர் முராவின் தலைமையில் பத்தாயிரம் குதிரைவீரர்கள் வரை பாய வேண்டியிருந்தது. இரவில் பென்னிக்சன் பின்வாங்கினார். நெப்போலியன் களத்திலேயே தங்கினார், ஒரு வாரத்துக்கும் மேல். களம் யாரிடம் இருக்கிறதோ வாகை அவனுடையது என்ற பழைய கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது. அந்தப் போரில் வெற்றி என்று காட்ட அவரிடம் வேறெதுவும் இல்லை.

பாரிஸுக்கு அனுப்பிய போர் அறிக்கையில் அவர் தந்த எண்ணிக்கை: பிரெஞ்சுத் தரப்பில் 1,900 பேர் இறப்பு, 5,700 பேர் காயம். சரியாக இத்தனை என்று அழுத்தியே எழுதியிருந்தார். உண்மை இழப்பு அதைப்போலப் பல மடங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் வேறுபாடு. ‘போர் அறிக்கையைப் போலப் பொய் சொல்கிறான்’ என்ற சொலவடை அந்தக் காலத்துப் பிரெஞ்சு மக்களிடையே வழங்கியது. களத்திலிருந்து வீடுகளுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. நாடு முழுக்க வதந்தி பரவியது. இந்த ஓவியத்துக்கான தேவை அங்கேதான் பிறந்தது.

வேலை உத்தரவு

பெரியவருக்குப் பதில் தேடத் தொடங்கியபோது, உத்தரவு எளிதில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது ரகசியமே இல்லை. 1807 வசந்தத்தில் ஊரறிய வெளியான போட்டி அறிவிப்பு. இன்று லூவ்ர் என்று நாம் சொல்லும் அருங்காட்சியகத்துக்கு அப்போது இயக்குநராக இருந்த விவான் தெனோன் வெளியிட்டது. போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பரிசு 16,000 பிராங்க். ஓவியத்தின் அளவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. எந்தக் கணத்தை வரைய வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது: போரை வரையக் கூடாது, போருக்கு மறுநாளை வரைய வேண்டும். பேரரசர் களத்தைச் சுற்றிப் பார்க்கிறார். காட்சியைக் கண்டு அவர் உள்ளம் திகிலில் நிறைகிறது. காயம்பட்ட ரஷ்யர்களுக்குச் சிகிச்சை அளிக்க ஆணையிடுகிறார். அந்தக் கருணையில் நெகிழ்ந்த ஓர் இளம் லித்துவேனிய வீரன், என்னைக் குணப்படுத்துங்கள், ஜார் அலெக்சாந்தருக்கு எப்படி உழைத்தேனோ அப்படியே உங்களுக்கும் உழைப்பேன் என்கிறான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் ஒரு கோட்டுப்படம்கூடப் போட்டியாளர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. 26 ஓவியர்கள் போட்டியிட்டார்கள். குரோ முதலில் தயங்கினார், தெனோன்தான் வற்புறுத்தி வரையவைத்தார் என்கிறார்கள். பாராட்டுப் பெற்ற இன்னொரு ஓவியரான சார்ல் மெய்னியேயின் வரைவு இன்றும் இருக்கிறது. அதன் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நெப்போலியன் குதிரைமேல். அதிலும் முன்னால் பிணங்கள்.

அந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. கலகம் என்று நான் கொண்டாடிய பிணங்கள் வேலை உத்தரவிலேயே இருந்திருக்கின்றன.

அதைவிட மோசமான ஒன்று அடுத்துக் காத்திருந்தது. 1807 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியான இன்னொரு போர் அறிக்கை. அதில் நெப்போலியனே களத்தை வருணிக்கிறார். ஒரு சதுர லீகு (லீகு என்பது ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்) பரப்பில் 9,000 அல்லது 10,000 பிணங்கள், 4,000 அல்லது 5,000 செத்த குதிரைகள், வரிசை வரிசையாக ரஷ்யர்களின் தோள்பைகள், உடைந்த துப்பாக்கிகளும் வாள்களும், குண்டுகள் இறைந்த மண், 24 பீரங்கிகள், அவற்றை இழுத்துச் செல்ல முயன்ற நொடியில் விழுந்துபட்ட வண்டியோட்டிகள். பட்டியலை முடித்துவிட்டுச் சொல்கிறார்: இவையெல்லாம் பனியின் பின்னணியில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. இந்தக் காட்சி அரசர்களுக்கு அமைதியின்மேல் விருப்பத்தையும் போரின்மேல் வெறுப்பையும் ஊட்டத் தக்கது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

பனியின் பின்னணியில் எடுப்பாக. அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்தாயிரம் பிணங்களின் நடுவே நின்றவருக்கு, வெள்ளைத் தரையில் கருமை எப்படி எழுந்து தெரிகிறது என்பது கண்ணில் பட்டிருக்கிறது. ஓவியம் வரைவதற்கு முன்பே, அறிவிப்பு வருவதற்கு முன்பே, ஓவியத்தை அவர் மனத்தில் தீட்டிவிட்டார். பிணங்களை மறைப்பதால் பயனில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; எனவே பிணங்களைக் காட்டு, அவற்றின் நடுவே என்னைக் கண்ணீரோடு நிறுத்து, கொன்ற கையை ஆறுதல் சொல்லும் கையாகக் காட்டு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பிரசாரம் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஓவியத்தைப் பாருங்கள்: மென்மயிர் வைத்த சாம்பல் நிற மேலங்கி, வெளிறிய முகம், களத்தை ஆசீர்வதிப்பதுபோல் நீட்டிய கை, மேல்நோக்கிய கண்கள். பக்கத்தில் பளபளக்கும் உடையில் முரா. தலைமை அறுவை மருத்துவர் பெர்சியும் இருக்கிறார். ஒரு கோயில் ஓவியத்துக்குரிய அமைப்பு இது. நான் முக்கால் மணி நேரம் செய்த பேச்சு இந்தப் பிரசாரத்தின் வலையில் விழுந்தவனின் பேச்சு என்று உணர்ந்தபோது, நூலகத்தில் கைதட்டியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

யாருடைய பிணம்

உத்தரவையும் அறிக்கையையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து இரண்டு முறை நிதானமாகப் படித்தார். பிறகு மடிக்கணினியில் படத்தைக் காட்டச் சொன்னார். “இதில் பிரெஞ்சுக்காரர்களின் பிணம் எது, தம்பி?” என்றார்.

உருப்பெருக்கிப் பார்த்தோம். தனித்தனியாகச் சீருடைகளைக் கவனித்தோம். முன்வரிசையில் கிடப்பவர்கள் பெரும்பாலும் ரஷ்யர்கள். பிரெஞ்சுக்காரர்கள் குனிகிறார்கள், தாங்கிப் பிடிக்கிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், தொலைவில் புகையும் ஊருக்கு முன்னே அணிவகுத்து நிற்கிறார்கள். செத்தவர்கள் எதிரிகள், ஆற்றுபவர்கள் நம்மவர்கள் என்ற பங்கீடு ஓவியம் முழுக்க ஓடுகிறது. பனியில் வழிதவறிப் பீரங்கிகளுக்கு முன்னால் போய் நின்ற ஒழரோவின் ஆட்கள் எங்கே? பாரிஸில் கண்காட்சிக்கு வந்த தாய்மார்களும் மனைவிமார்களும் தேடியிருக்கக்கூடிய முகங்கள் அவர்களுடையவை. 1,900 என்று அறிக்கையில் சுருங்கியவர்கள் ஓவியத்தில் இன்னும் சுருங்கிவிட்டார்கள். போர் ஓவியத்தில் பொய் என்றால் இல்லாத வீரத்தை வரைவது என்று நினைத்திருந்தேன். இங்கே வரைந்த ஒவ்வொரு பிணமும் நம்பத்தக்கது. எந்தப் பக்கத்துப் பிணம் என்ற தேர்வில் பொய் உட்கார்ந்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் பில் பார்த்த கண் அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டது. நான் எத்தனையோ முறை பார்த்தும் பிடிக்கவில்லை.

அத்துடன் இந்த ஓவியத்தை மனத்திலிருந்து இறக்கிவைத்திருக்கலாம். முடியவில்லை. உத்தரவின் ஒவ்வொரு வரியையும் ஓவியத்தோடு பொருத்திப் பார்த்துக் கழித்த பிறகும் ஏதோ மீதி நின்றது. சில மாதங்களாக அந்த மீதியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கீழ்ப்புறத்தில் ஒரு துப்பாக்கிக் கத்திமுனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் வழிந்த ரத்தம் சொட்டுவதற்குள் உறைந்துவிட்டிருக்கிறது. முன்வரிசையில் ஒருவன் வெறித்த கண்களோடு, தன்னைக் காப்பாற்ற வந்த மருத்துவரிடமிருந்தே விலகத் திமிறுகிறான். கருணையைக் கண்டு அவன் நெகிழவில்லை. அவனுக்குக் கருணை, கொலை என்ற வேறுபாடே அழிந்துவிட்டது. தன்னை நோக்கி வரும் எந்தக் கையும் அவனுக்குக் கொல்ல வரும் கைதான். உத்தரவு ஒரு நன்றியுள்ள லித்துவேனியனைக் கேட்டது. குரோ அவனைக் கொடுத்தார், கூடவே இவனையும் கொடுத்தார். உத்தரவு திகிலூட்டும் காட்சியைக் கேட்டது. எந்த அளவில் என்று கேட்கவில்லை. அரசனைவிடப் பெரிதாக வரைந்துவைத்தது குரோவின் கை.

குரோ ஐலாவுக்குப் போனவர் அல்லர். ஆனால் 1800-இல் ஜெனோவா நகரில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கிப் பட்டினியால் மடிந்தபோது அவர் உள்ளே இருந்தார். பசியும் நோயுமாக உயிர்தப்பி வெளியே வந்தார். உயிர் போன முகம் எப்படி இருக்கும், போய்க்கொண்டிருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1804-இல் வரைந்த யாஃபா கொள்ளைநோய் ஓவியத்திலும் இதே ஏற்பாடுதான்: நடுவில் தொட்டு ஆற்றும் நெப்போலியன், சுற்றிலும் சாகிறவர்கள். அங்கேயும் நம் கண் ஓரங்களுக்கே ஓடுகிறது. எனவே இப்போது நான் நினைப்பது இது: குரோ கலகம் செய்யவில்லை. அவர் நெப்போலியனை உண்மையாகவே வியந்தவர். கேட்டதை மீறவில்லை, கேட்டதைக் கடைசிவரை செய்தார். பின்னணியாக இருக்கட்டும் என்று கேட்கப்பட்ட சாவை, தான் அறிந்த சாவாகவே வரைந்தார். முழுதாக வரைந்த சாவு யாருக்கும் பின்னணியாக இருக்காது என்பது உத்தரவு எழுதியவருக்கும் தெரியவில்லை, ஒருவேளை வரைந்தவருக்கும் தெரியவில்லை.

டெலாக்ருவா இதை ஒப்பமாட்டார். 1848-இல் குரோவைப் பற்றி எழுதிய கட்டுரையில், நூறு ஓவியங்கள் சேர்ந்த கொடூரமான ஓவியம் இது என்று வியந்துவிட்டு, இத்தனையும் நெப்போலியனின் உன்னத உருவத்துக்கு வெறும் சட்டகம்தான் என்கிறார். ஓவியம் பார்க்கத் தெரிந்தவர் என்றால் அவர்தான். இருந்தாலும் அந்தக் கூடத்தில் நின்ற என் கண்களை நான் நம்புகிறேன். அரசன் சட்டகமாக மங்கிப்போனதை அவை பார்த்தன.

அந்த அரசனுக்கு ஓவியம் பிடித்திருந்தது. களத்தில் தான் அணிந்திருந்த தொப்பியையும் மேலங்கியையும் பார்த்து வரைவதற்காகக் குரோவிடம் கொடுத்திருந்தார். 1808 அக்டோபரில் தொடங்கிய கண்காட்சிக்கு வந்து, தன் மார்பிலிருந்த, பிரான்ஸின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஆனர் பதக்கத்தைக் கழற்றி ஓவியருக்கு அணிவித்தார். அதற்குள் ஃப்ரீட்லாண்டில் ரஷ்யர்களை உண்மையாகவே வென்று, தில்சித்தில் ஜார் அலெக்சாந்தரோடு நட்பு உடன்படிக்கையும் செய்துகொண்டிருந்தார். ஓவியத்தில் செத்துக் கிடந்த எதிரிகள் கண்காட்சி தொடங்கியபோது நண்பர்களின் படைவீரர்கள். நான்கே ஆண்டுகளில் அந்த நட்பும் முறிந்து, அவருடைய படை ரஷ்யப் பனிக்குள் போனது. திரும்பும் வழியில் வில்னியஸ் நகரில் செத்து விழுந்தவர்களின் கூட்டுப் புதைகுழி 2001-இல் கண்டெடுக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். வில்னியஸ் லித்துவேனியாவின் தலைநகரம். நன்றி சொல்லும் அந்த இளைஞனின் ஊர்ப்பக்கம்.

குரோவின் முடிவைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பின், நாடுகடத்தப்பட்டிருந்த அவருடைய ஆசான் ழாக்-லூயி டாவீத், இந்தக் காலத்துப் போர்களை விட்டுவிட்டுப் பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளை வரையும்படி அவரை வற்புறுத்திக்கொண்டே இருந்தார். குரோ கேட்டார், வரைந்தார். அந்த ஓவியங்களில் உயிர் இல்லை என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். 1835 ஜூன் மாதம் பாரிஸை அடுத்த மெதோனுக்கு அருகில், செய்ன் ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். யார் சொன்னாலும் மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளும் இயல்பு அவருக்கு. அந்த இயல்பிலிருந்துதான் ஐலாவும் வந்தது என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் முன்பு பேசியதைத் திருத்திப் பேசினேன். உத்தரவை முழுதாகப் படித்துக் காட்டினேன். பிறகு படத்தைச் சுவரில் விழச் செய்து, முதலில் மேல்பாதியை ஓர் அட்டையால் மறைத்துவைத்தேன். கத்திமுனையின் உறைந்த ரத்தம், பனி படிந்த முடி, மருத்துவரைத் தள்ளும் அந்த மனிதன் மட்டும் தெரிந்தார்கள். யாரும் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பின்னும் பெரியவர் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நூலகக் காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். கருவியை அணைக்கப் போனேன். “கொஞ்சம் இருக்கட்டும், தம்பி. இன்னும் கீழ்வரிசையையே பார்த்து முடிக்கவில்லை” என்றார்.